இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றால் நம்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. செல்லோ வாசிக்கிறாள், உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம். ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் இரவலாகக் கொடுத்த வாத்தியத்தில் தொடங்கியவள். வருகிற ஏப்ரலில் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டம் முடிக்கிறாள். கோடைக்கு இரண்டு இடங்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒன்று ஐரோப்பாவில் மூன்று கிழமை. கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து ஆறாயிரம் டொலருக்கு மேல். பெயர்பெற்ற ஒரு செல்லோ கலைஞர் கற்பிக்கிறார். முடிவில் மேடை நிச்சயம், சான்றிதழும் உண்டு. மற்றது அமெரிக்காவில் ஒரு மலைக்கிராமத்தில் ஆறு கிழமை. பயிற்சி, அறை, சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் மேடை கிடைக்கும் என்று உறுதி தரவில்லை. மகள் அங்கேதான் போவேன் என்கிறாள். "சும்மா குடுக்கினம் எண்டா அதுக்குள்ள ஏதோ இருக்கு" என்கிறார் என் அண்ணன். ஜூனில் தொடங்கும் ஓர் அலுவலக வேலையும் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. கோடைக்குப் போனால் அது போய்விடும். நானும் கணவரும் ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள். இந்த உலகம் எங்களுக்குத் தெரியாது. என்ன செய்வது?
— ஒரு தாய், டொரோண்டோ

பதில்:

அன்புள்ள அக்கா,

மகளை அந்த மலைக்கிராமத்துக்கே அனுப்புங்கள். இதை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். நான் சென்னையில் பிறந்தவள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பாஸ்டனில் இருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வகை இடங்களுக்கும் மாணவியாகப் போயிருக்கிறேன். பிறகு தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து, உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளின் பதிவுகளை நாள் முழுக்கக் கேட்டுமிருக்கிறேன்.

உங்கள் அண்ணன் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. ஆறு வாரம் ஒருவருக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, பாடமும் சொல்லிக்கொடுக்க யாரோ பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார் அது என்பதுதான் சரியான கேள்வி. இதற்கு நம் ஊரிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. கோயிலில் கட்டளை வைப்பார்கள் இல்லையா? இந்த நாள் பூஜைக்கு, இந்த மண்டபத்தில் ஓதுவார் பாடுவதற்கு என்று ஒரு குடும்பம் நிலமோ பணமோ எழுதிவைக்கும். அதன் வருமானத்தில் காரியம் தலைமுறை தலைமுறையாக நடக்கும். அமெரிக்காவில் இந்த இசை அமைப்புகள் பலவும் அப்படித்தான் நடக்கின்றன. மாசசூசெட்ஸில் இருக்கும் டாங்கிள்வுட் மியூசிக் சென்டரை பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவின் நடத்துநர் செர்ஜ் குஸெவிட்ஸ்கி 1940இல் தொடங்கினார். அங்கே வரும் இளைஞர்களுக்கு ஃபெலோ என்று பெயர். அவர்களுக்குப் பாடமும் தங்குவதும் சாப்பாடும் இலவசம். கச்சேரிப் புத்தகத்தில் ஃபெலோக்களின் பட்டியலைப் பார்த்தால் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த இடத்துக்குப் பணம் வைத்த குடும்பத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். அது கட்டளைதான், வேறொன்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் சான்டா பார்பராவில் 1947இல் தொடங்கிய மியூசிக் அகாடமி ஆஃப் தி வெஸ்ட்டிலும் ஃபெலோக்கள் எல்லோருக்கும் முழு உதவித்தொகை உண்டு.

ஏன் கொடுக்கிறார்கள்? நல்ல மனசு ஒரு காரணம். இன்னொன்று தொழில் சார்ந்தது. நான்கு பேரோ ஐந்து பேரோ உட்கார்ந்து வாசிக்கும் சேம்பர் இசையில் ஒருவர் தேறாவிட்டாலும் எல்லோருக்கும் கெட்டுவிடும். கட்டணம் வைத்தால் கட்ட முடிந்தவர்கள் வருவார்கள். அந்த இடத்துக்கு வேண்டியது வாசிக்க முடிந்தவர்கள். ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைப் பள்ளி 1928இலிருந்து மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் "லாப நோக்கற்ற அமைப்பு" என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தத் தகுதி உள்ள பல பெரிய கோடை விழாக்கள் கட்டணம் வாங்குகின்றன. கொலராடோவின் ஆஸ்பென் புகழ்பெற்ற இடம். அங்கே கட்டணமும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் பெரும்பாலும் 501(சி)(3) என்ற சட்டப் பிரிவில் பதிவாகியிருக்கும். அவை ஆண்டுதோறும் 990 என்ற படிவத்தை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை அதைத் திறந்து படியுங்கள். வருமானத்தில் நன்கொடை எவ்வளவு, வந்து தங்குகிறவர்களிடம் வாங்கிய கட்டணம் எவ்வளவு, செலவில் எவ்வளவு நிகழ்ச்சிக்கே போகிறது, எத்தனை வருடமாக நடக்கிறது, நிர்வாகக் குழுவில் யார் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் அண்ணனுக்கும் காட்டுங்கள். கனடா அமைப்பு என்றால் வருவாய்த் துறையின் அறக்கட்டளைப் பட்டியலில் இதே விவரம் கிடைக்கும்.

இப்போது அந்த ஆறாயிரம் டாலர். நான் அப்படி ஒன்றுக்குப் போனபோது எனக்கு 21 வயது. பெயரைச் சொல்ல வேண்டாம். அப்பா கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கி அனுப்பினார். விளம்பரத்தில் படம் போட்டிருந்த பெரியவர் நான்கு நாள் வந்தார். மாணவர்கள் அறுபது பேருக்கு மேல். என் முறை வந்தபோது இருபது நிமிடம் கிடைத்தது. கடைசி நாள் மேடையும் கிடைத்தது: மதியம் இரண்டரை மணிக்கு ஒரு தேவாலயத்தில், எனக்கு முன்னால் எட்டுப் பேர், பின்னால் ஏழு பேர், கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தப் பதினைந்து பேர்தான். சான்றிதழ் சென்னை வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கட்டணம் வாங்கும் எல்லா இடமும் இப்படி இருக்காது. ஒரு குறிப்பிட்ட ஆசிரியரிடம் படித்தே ஆக வேண்டும் என்று மகளுக்கு இருந்து, அவரும் எத்தனை மணி நேரம் தருகிறார் என்று எழுத்தில் சொன்னால் யோசிக்கலாம். நீங்கள் எழுதியதில் அந்த மணிக்கணக்கு இல்லை. கேட்டுப் பாருங்கள், வருகிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது மேடைக்கு உறுதி இல்லை என்ற கவலை. வெளியிலிருந்து பார்த்தால் குறைபோலத் தெரியும் இதுதான் அந்த இடத்தின் பெரிய கொடை என்று நான் நம்புகிறேன். இந்த வகைக்கு முன்னோடி வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் மார்ல்போரோ இசை விழா. பியானோ மேதை ருடால்ஃப் செர்கின், வயலின் கலைஞர் அடால்ஃப் புஷ் முதலானவர்கள் 1951இல் தொடங்கியது. கோடையில் ஏழு வாரம் நடக்கும். உலகமெங்கும் கச்சேரி செய்யும் மூத்தவர்களும் இருபதுகளில் இருக்கும் இளையவர்களும் ஒரே குழுவில் சமமாக உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். ஒரு படைப்பை எடுத்தால் இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. வார இறுதிக் கச்சேரியில் என்ன வாசிப்பது என்பதைச் சுமார் ஒரு வாரம் முன்னால்தான் முடிவு செய்வார்கள். எது தயாராக இருக்கிறதோ அது மேடைக்குப் போகும். எடுத்ததில் பெரும்பகுதி மேடைக்கு வராமலே போகும். சாப்பாட்டுக் கூடத்தில் முறைவைத்து இசைக்கலைஞர்களே பரிமாறுவார்கள். காகிதக் கைக்குட்டையை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிவது செர்கின் காலத்திலிருந்து அங்கே வழக்கம். செல்லோ மேதை பாப்லோ காஸல்ஸ் தம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே கோடைதோறும் வந்தார். உங்கள் மகள் செல்லோக்காரி, காஸல்ஸ் யார் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். குவர்னேரி குவார்ட்டெட் என்ற நால்வர் குழு 1964இல் பிறந்ததும் அங்கேதான். அப்புறம் அவர்கள் நான்கு பேரும் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒன்றாக வாசித்தார்கள்.

இது எப்படி இருக்கும் என்று எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 24 வயதில் இப்படி ஓர் இலவச இடத்தில் இருந்தேன். இசையமைப்பாளர் ஷூபர்ட் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் 1828இல் எழுதிய சி மேஜர் குவிண்டெட்டை, ஐந்து பேர் வாசிக்கும் படைப்பை, எடுத்தோம். இரண்டு செல்லோ வரும் படைப்பு. இரண்டாம் பகுதி மிக மெதுவானது. மேலே முதல் வயலின் விட்டு விட்டுப் பேசும். கீழே இரண்டாம் செல்லோ தந்தியை விரலால் மீட்டும். நடுவில் இரண்டாம் வயலினும் வயோலாவும் முதல் செல்லோவும் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை. பார்க்க ஒன்றுமே இல்லாத வேலை. இரண்டாம் செல்லோ வாசித்தவருக்கு எழுபது வயது இருக்கும். முதல் வரி முடிந்ததும் நிறுத்தினார். "உங்கள் மூவரில் யார் முதலில் வில்லைத் திருப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. தெரியக் கூடாது" என்றார். வயலினையும் அவரது மீட்டலையும் நிறுத்திவிட்டு நாங்கள் மூவர் மட்டும் அந்த ஒரு வரியை வாசித்தோம். மறுபடி வாசித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாற்காலிகளை நெருக்கிப் போடச் சொன்னார், முழங்கால்கள் இடிக்கும் அளவுக்கு. எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சைக் கேளுங்கள் என்றார். பத்து மணிக்குத் தொடங்கியது மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை போனது. சாப்பிடப் போகும் முன் கடைசியாக ஒருமுறை வாசித்தபோது என் வில் எப்போது திரும்பியது என்று எனக்கே தெரியவில்லை. அவர் தம் செல்லோவை எடுத்து மீட்டத் தொடங்கினார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்தக் குவிண்டெட் அந்தக் கோடையில் மேடை ஏறவே இல்லை. இன்றுவரை என் மாணவர்களுக்கு வில் திருப்பச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு காலையிலிருந்துதான் எடுக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் இது நடக்காது. ஆசிரியர்கள்மேல் குறை இல்லை. வாரம் ஒரு பாடம், பருவம் முடியத் தேர்வு, அதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். நம் பக்கத்தில் குருகுலவாசம் என்று சொல்வோமே, குருவின் வீட்டிலேயே இருந்து, அவர் தமக்காகப் பாடிக்கொள்வதையும் கேட்டுக்கொண்டே கற்பது. நேரக் கணக்கு இல்லாத அந்தச் சூழலுக்கு மேற்கத்திய இசையில் இன்று மிக நெருங்கி இருப்பது கலைஞர்கள் வந்து தங்கி வாசிக்கும் இந்த ரெசிடென்சிகள்தான். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பெரியவர் குரு ஆசனத்தில் இருப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் தம் பங்கை வாசிக்கிறார், அவரும் தப்பு செய்கிறார். உங்கள் மகள் அதைப் பார்க்க வேண்டும்.

வேலை விஷயத்தை லேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஷிஃப்ட் வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைத்தவர்களிடம் சம்பளத்தை விடச் சொல்வது எளிதான பேச்சு அல்ல. முதலில், வேலை கொடுத்தவர்களிடம் தொடங்கும் தேதியை ஆகஸ்ட் இறுதிக்கோ செப்டம்பருக்கோ தள்ள முடியுமா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். முழு உதவித்தொகையில் தேர்வாகியிருக்கிறேன், கடிதம் இணைத்திருக்கிறேன் என்று நேராக எழுதட்டும். சம்மதிப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இரண்டாவது, ஒன்ராரியோ அரசின் மாணவர் கடன் இருந்தால், படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தவணை தொடங்கும். ஏப்ரலில் முடிக்கிறாள் என்றால் இந்தக் கோடை முழுவதும் அந்த அவகாசத்துக்குள் வருகிறது. அடுத்த வருடம் இவ்வளவு வசதியாக அமையாது. மாற்ற மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டால்? வீட்டு வாடகை அவள் சம்பளத்தை நம்பி இல்லை என்றால், வேலையை விடலாம் என்பதே என் கருத்து. அலுவலக வேலை 23 வயதிலும் கிடைக்கும். வாடகை அவளை நம்பித்தான் இருக்கிறது என்றால் அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு அதை மறைக்காமல் எழுதுங்கள். இழக்கும் கோடை வருமானத்துக்குச் சிறு உதவித்தொகை தரும் இடங்கள் உண்டு. ஒரு வருடம் தள்ளி வர அனுமதிப்பதும் உண்டு. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அக்கா. நம்மவர்கள் இதைக் கேட்காமலே இழக்கிறார்கள்.

இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று உங்கள் கணவர் கேட்பார். ஆறு வாரம் முடிந்ததும் ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை கிடைக்கும் என்று நான் சொன்னால் பொய். கிடைப்பது ஆட்கள். இவளுடன் வாசித்தவர்கள் நாளை ஒரு குவார்ட்டெட்டுக்குச் செல்லோ தேவைப்படும்போது இவளை அழைப்பார்கள். இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் அப்படித்தான் நகர்கிறது. அதன் பின் வேறு வகை ரெசிடென்சிகளும் இருக்கின்றன. நியூயார்க்கில் கார்னகி ஹால் நடத்தும் என்சாம்பிள் கனெக்ட் இரண்டு ஆண்டுத் திட்டம். உதவித்தொகை தந்து, மேடையிலும் நகரத்தின் அரசுப் பள்ளிகளிலும் வாசிக்க வைக்கிறார்கள். ரோட் ஐலன்டின் பிராவிடன்ஸ் நகரில் 1997இல் செபாஸ்டியன் ரூத் தொடங்கிய கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ் என் மனதுக்கு மிக நெருக்கமானது. கலைஞர்கள் சாதாரணக் குடும்பங்கள் வாழும் பகுதியிலேயே இருந்துகொண்டு, அங்குள்ள பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியமும் பாடமும் கொடுத்து, கச்சேரியும் செய்கிறார்கள். இளம் கலைஞர்களுக்கு அங்கே ஃபெலோஷிப் உண்டு. இரவல் செல்லோவில் தொடங்கிய உங்கள் மகளுக்கு அந்த இடம் சொல்லாமலே புரியும். கனடாவிலேயே ஆல்பர்ட்டா மலைகளில் பான்ஃப் சென்டர் என்ற கலை மையம் இருக்கிறது, 1933இலிருந்து நடக்கிறது. தேசிய இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா 1960இலிருந்து இருக்கிறது. இரண்டையும் அடுத்த ஆண்டுக்குக் குறித்து வைக்கட்டும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் திறக்கும்.

அந்த விண்ணப்பத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பதிவை வெட்டி ஒட்ட வேண்டாம். ஒரு பகுதியைத் தொடங்கினால் முடிவுவரை ஒரே மூச்சில் வாசித்ததாக இருக்கட்டும். பாஹ் செல்லோவுக்கு எழுதிய சூட் என்ற படைப்பை அன்றைக்குப் பத்தாவது ஆளாக ஒருவர் வாசித்துக் கேட்கும்போது குழுவில் இருக்கும் எங்களுக்கு ஒரு சுரம் பிசகியதெல்லாம் பெரிதாகத் தெரியாது. பிசகிய பிறகு அடுத்த சுரத்தை எப்படி எடுத்தார் என்று கேட்போம். ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கையில் அதுதான் உதவும்.

இனி இந்தக் கோடைக்கு. இலவசம் என்றாலும் சில செலவு உங்கள் கையிலிருந்து போகும். விமானம் என்றால் செல்லோவுக்குத் தனி இருக்கைச் சீட்டு வாங்க வேண்டும். சரக்கோடு போடவே கூடாது. யாராவது காரில் கொண்டுபோய் விட முடிந்தால் அதுவே மேல். ஒன்ராரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு அமெரிக்க ஆஸ்பத்திரிச் செலவில் சிறு பகுதியைத்தான் தரும். ஆறு வாரத்துக்கும் பயணக் காப்பீடு எடுங்கள், வாத்தியத்துக்குத் தனியாக எடுங்கள். எல்லையில் என்ன சொல்வது, எந்த ஆவணத்தைக் காட்டுவது என்று அமைப்பின் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "சும்மா ஒரு கேம்ப்" என்று மகள் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. வில் பழையதாக இருந்தால் அதன் முனையில் யானைத் தந்தம் இருக்கலாம். அதை எல்லையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, வில் எந்த மரம், முனை என்ன பொருள் என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

பெண்பிள்ளையைத் தனியே அனுப்பும் பயத்தை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அது இருக்கும். தகாத நடத்தை பற்றி எழுத்தில் விதி இருக்கிறதா, புகார் என்றால் யாரிடம் போவது, அவர் பாடம் நடத்தும் கலைஞர்களில் ஒருவராக இல்லாமல் வேறு ஆளா, இரவில் ஒத்திகை அறையிலிருந்து தங்குமிடத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்கான இடத்தில் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். முதல் பத்து நாள் அவள் அழுதுகொண்டு போன் செய்யலாம். எல்லோரும் தன்னைவிட நன்றாக வாசிக்கிறார்கள் என்பாள். நானும் அழுதேன், என் அறைத்தோழியும் அழுதாள்; இரண்டு பேருக்கும் ஒரே காரணம். ஊறுகாய்ப் போத்தல் ஒன்று கொடுத்து அனுப்புங்கள்.

கடைசி வாரத்தில் நீங்கள் இருவரும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் போய்ப் பாருங்கள். அன்றைக்குக் கச்சேரி இருக்குமா, அதில் மகள் இருப்பாளா என்று தெரியாது, பரவாயில்லை. ஒத்திகை அறைக்கு வெளியே நின்று கேட்கலாமா என்று முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு வைத்துவிட்டுப் போங்கள்.